வத்தல்மலையில் நீ படித்த கடைசி வரி

இன்று காலை டிரங்குப் பெட்டியைக் கிளறியபோது உன் கையெழுத்து கிடைத்தது. ரயில் பார்சல் சீட்டின் பின்பக்கத்தில், பென்சிலால்: "அணுகுண்டுக் கல்லு கெடக்கற மண்ணுல சாமை மொளைக்குமா?" கேட்டவர் சொன்னதைச் சொன்னபடியே எழுதுவது உன் வழக்கம். நண்பா, நீ கண்ணை மூடி ஆறு மாதமாகிறது. தரையிலேயே உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன்.

ஜப்பானில் குண்டு விழுந்ததற்கு அடுத்த ஆண்டு அது. நீ பொம்மிடி ஸ்டேஷனில் பார்சல் குமாஸ்தா, நான் பள்ளிக்கூட வாத்தியார். வத்தல்மலையில் யாரோ சிலர் கல் பொறுக்கிக்கொண்டு போனார்கள். அது அணுகுண்டுக்கான கல், வெயில் ஏறினால் மலையே வெடிக்கும் என்று சந்தையில் பேச்சு கிளம்பியது. மலைக்காரர்கள் மழை பெய்தும் விதைக்காமல், மாட்டை விற்றுவிட்டுக் கீழே இறங்கிவிடலாமா என்று தவித்தார்கள்.

எனக்குத்தான் எல்லாம் தெரியுமே! உன்னையும் இழுத்துக்கொண்டு மலையேறி, பயப்பட ஒன்றுமே இல்லை என்று அரை மணி நேரம் முழங்கினேன். கூட்டத்திலிருந்து ஒரு ஆயா கேட்டார்: "ஒண்ணுமே இல்லீன்னா அங்க அத்தினி சனம் எப்படிங்க செத்துது?"

நீ எழுந்து, எங்கள் இருவருக்குமே தெரியாது என்றாய். எனக்கு உன்மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. நீயோ பையிலிருந்த பழைய சீட்டுகளை எடுத்து, ஒவ்வொருவர் கேள்வியாகக் குறித்துக்கொள்ள ஆரம்பித்துவிட்டாய்.

அவற்றைக் கடிதமாக்கிச் சென்னையில் ஒரு கல்லூரி ஆசிரியருக்கு அனுப்பினாய். பத்தே நாளில் பதில் வந்தது. மண்ணில் கிடக்கும் கல் தானாக வெடிக்காது; அணுவின் சக்தியால் ஒருநாள் வீடுகளில் விளக்கும் எரியலாம்; ஆனால் அத்தகைய கல்லைத் தோண்டுகிறவர்களுக்கு என்னென்ன கெடுதி வரும் என்பது இன்னும் முழுதாகத் தெரியாது. அந்தக் கடைசி வரியை மட்டும் விட்டுவிடு என்று மலையேறும் வழியெல்லாம் கெஞ்சினேன். நீ கூட்டத்தின் முன் அதை இரண்டு முறை படித்தாய்.

விதைப்பு போயிற்று என்றே நினைத்தேன். அந்த ஆயாதான் முதலில் பேசினார்.

"தெரியாததையும் மறைக்காம சொன்னீங்க. நாங்க வெதைக்கறோம். தோண்ட வந்தாங்கன்னா மறுக்காவும் கூடிப் பேசலாங்க."

மறுநாளே ஏர் கட்டினார்கள். என் கோபம் போக மட்டும் அறுவடை வரை ஆனது.

போன வாரம் நூலகத்தில் அணுமின்சாரம் பற்றிப் பேசக் கூப்பிட்டார்கள். கழிவை எங்கே வைப்பார்கள் என்று ஒரு பெண் கேட்டாள். எனக்குச் சரியாகத் தெரியாது, கேட்டுச் சொல்கிறேன் என்றேன். அதுவரை வாய் திறக்காமல் இருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கை தூக்கினார்கள். பழக்கத்தில், நீ எப்போதும் உட்காரும் பக்கத்து நாற்காலியைத் திரும்பிப் பார்த்தேன். பிறகு நானே பேனாவைத் திறந்து, அவர்கள் சொன்னதைச் சொன்னபடியே எழுதத் தொடங்கினேன்.