நான்காம் மூட்டின் கோடு

இன்று காலை ஆலையைத் திறந்ததும் ரோபோ கையின் திரையில் ஒரு வரி மின்னிக்கொண்டிருந்தது. பேட்டரி தீரப்போகிறது என்கிற எச்சரிக்கை. புதுப் பேட்டரி நான்கை எடுத்துக்கொண்டு போய், கையின் அடிப்பாகத்திலிருக்கும் சின்ன மூடியைக் கழற்றினேன். பழைய கிரீஸ் வாடையும் சாமைத் தவிட்டு வாடையும் கலந்து முகத்தில் அடித்தன. நீ பக்கத்தில் குந்தியிருப்பது போலவே இருந்தது. பேட்டரிகளை மாற்றி, எல்லாம் சரியாக ஓடுவதைப் பார்த்துவிட்டு, இதை எழுத உட்கார்ந்தேன். நீ போய் இரண்டு வருஷத்துக்கு மேலாகிறது. உனக்கு எதுவும் எழுதவேண்டும் என்று இதுவரை தோன்றவில்லை. இன்றைக்குத் தோன்றியது.

நாம் இருவரும் ஒரே வாரத்தில்தான் இங்கே சேர்ந்தோம். மலை விவசாயிகள் கூடி நடத்தும் சாமை ஆலை. நான் இந்த மலைக்காரி. நீ திருப்பத்தூரிலிருந்து பஸ் ஏறி வந்தவள். இருவரும் ஐ.டி.ஐ. எலக்ட்ரீஷியன் படித்தவர்கள், ரோபோவைத் தொட்டுக்கூடப் பார்த்ததில்லை. மூட்டை தூக்கித் தூக்கிப் பெண்களுக்கு இடுப்பு ஒடிகிறது என்று மேனேஜர் எங்கேயோ ஒரு தொழிற்சாலை கழித்துவிட்ட கையை வாங்கி, புதிதாக மஞ்சள் பெயின்ட் அடித்து நிறுத்தியிருந்தார். விவசாயிகள் கமிட்டியில் பாதிப் பேருக்கு அதில் இஷ்டமில்லை. “இதுக்கு இன்னாவது ஆச்சுன்னா இந்த ரெண்டு பொண்ணுங்களா பாக்கப் போவுது?” என்று நம் காதில் விழும்படியே பேசினார்கள். மூட்டை தூக்கிவந்த குப்பம்மா அக்கா மட்டும், “நீங்க இத நல்லா பாத்துக்கங்கம்மா, எங்க இடுப்பு தப்பிச்சுக்கும்” என்றார்.

அந்தப் புரட்டாசி உனக்கு நினைவிருக்கும். முந்தின நாள் சாயங்காலம் முழுக்க இடியும் மழையும். காலையில் வந்து பார்த்தால் இதே பேட்டரி எச்சரிக்கை. நீ மூடியைத் திறந்தாய். நான் போய் மெயின் சுவிட்சை இறக்கினேன். எதில் கை வைத்தாலும் முதலில் மின்சாரத்தை நிறுத்து என்பது நமக்கு ஊறிப்போன பழக்கம். உனக்கு ஷாக் அடித்துவிடக் கூடாது என்கிற ஒரே எண்ணம்தான் எனக்கு. நீ பழைய பேட்டரிகளை உருவிவிட்டுப் புதியவற்றைப் போட்டாய். மெயினை ஏற்றினேன். திரை முழுக்கச் சிவப்பு வரிகள்.

மூடியின் உட்புறம் ஒரு காகிதம் ஒட்டியிருந்ததை அப்போதுதான் இருவரும் பார்த்தோம். மின்சாரம் இருக்கும்போது மட்டுமே பேட்டரியை மாற்றவும் என்று அதில் அச்சடித்திருந்தது. கையின் ஆறு மூட்டுகளும் எங்கே நிற்கின்றன என்கிற நினைவை, மின்சாரம் இல்லாத நேரத்தில் அந்தப் பேட்டரிதான் காப்பாற்றி வைத்திருக்கிறது. நான் மின்சாரத்தை நிறுத்தினேன், நீ பேட்டரியை எடுத்தாய். தான் எங்கே நிற்கிறோம் என்பதே கைக்குத் தெரியாமல் போய்விட்டது.

மேனேஜர் வந்தார். வெளியே லாரி நின்றுகொண்டிருந்தது. திரையைப் பார்த்துவிட்டு அவரே சொன்னார்: “நேத்து அடிச்ச இடில உள்ள இருக்குற சர்க்யூட் கார்டு போய்ட்டிருக்கும். கம்பெனிக்காரன்தான் வரணும். பத்து நாளாவது ஆவும்.”

எனக்கு மூச்சு வந்தது. பழியை இடி மேல் போட்டுவிட்டால் யாருக்கும் வேலை போகாது. நீ என்னைப் பார்த்தாய். நான் தரையைப் பார்த்தேன்.

“இடி இல்ல சார்” என்றாய். “கரண்ட்டு இல்லாதப்ப நான் பேட்டரிய கழட்டிட்டேன். கரண்ட்டு இருக்கும்போது மாத்தியிருக்கணும். அதனாலதான்.”

‘நான்’ என்றாய். ‘நாங்கள்’ என்று சொல்லவில்லை.

அவர் திரையை இன்னொரு தடவை பார்த்தார். பிறகு, “இடின்னு விட்டிருந்தா உன்ன யாருமே கேட்டிருக்க மாட்டாங்களேம்மா” என்றார்.

“இடின்னா நீங்க கார்ட மாத்துவீங்க சார். கார்டு மேல தப்பு இல்லையே.”

“சாயங்காலம் வரைக்கும் பாரு. அதுக்கப்புறம் கமிட்டிக்கு நான் பதில் சொல்லணும்.”

காரணம் தெரிந்துவிட்டதால் வழியும் ரோபோவோடு வந்த புத்தகத்திலேயே இருந்தது. பழைய அலாரங்களை அழித்துவிட்டு, கையின் மூட்டுகளை ஒவ்வொன்றாக மெல்ல நகர்த்தி, அதில் கீறியிருக்கும் இரண்டு கோடுகள் நேருக்கு நேர் வரும்படி நிறுத்தவேண்டும். ஆறும் நேரானதும், இதுதான் உன் பூஜ்யம் என்று கைக்குச் சொல்லவேண்டும். நீ பொத்தானை அழுத்தினாய். நான் டார்ச் அடித்துக் கோட்டைப் பார்த்து, “இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம், நில்லு” என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கம் குப்பம்மா அக்காவும் மற்றவர்களும் மறுபடி மூட்டையைத் தோளில் ஏற்றி லாரிக்குச் சுமந்தார்கள். நம் பக்கம் ஒருவரும் திரும்பவில்லை. அதுதான் எனக்கு அதிகம் சுட்டது.

மதியத்துக்குள் முடித்துவிட்டோம் என்று நினைத்தோம். மெதுவான வேகத்தில் ஒரு மூட்டையை எடுக்கவிட்டோம். அது ஒரு பக்கம் சாய்ந்து இறங்கிச் சரிந்தது. மறுபடி விட்டோம், மறுபடி சாய்ந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. “கார்டும் போயிருக்கும் போலடி” என்றேன்.

நீ தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து மூட்டையையே பார்த்தாய். “எல்லாம் தப்புன்னா கண்டபடி போவும். ஒவ்வொரு வாட்டியும் ஒரே பக்கமா சாயுது. அப்போ ஒரே எடந்தான் தப்பு” என்றாய். எழுந்து போய் ஒவ்வொரு மூட்டாகத் தடவிப் பார்த்தாய். நான்காவது மூட்டில் உன் விரல் நின்றது. நாம் கோடு என்று நினைத்து நேராக்கியிருந்தது வெறும் கீறல். நிஜமான கோடு அந்தப் புது மஞ்சள் பெயின்ட்டுக்கு அடியில் மறைந்திருந்தது. வளையலில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றி, பெயின்ட்டைத் துளித்துளியாகச் சுரண்டினாய். அரை விரல் தள்ளி, மயிர் போல ஒரு கோடு தெரிந்தது.

“தோ கீது பார்” என்றாய். அவ்வளவு மெதுவாகச் சொன்னாய்.

நான்கு மணிக்குக் கை முதல் மூட்டையைப் பலகையின் மேல் சமமாக வைத்தது. பத்து மூட்டை வரைக்கும் நாம் இருவரும் எண்ணிக்கொண்டே நின்றோம். குப்பம்மா அக்கா தோளில் இருந்ததை இறக்கிவைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்து, “போதும்மா, இனி அதுவே தூக்கட்டும்” என்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மேனேஜர் எல்லாருக்கும் டீ வரவழைத்தார்.

மெயினை இறக்கியது நான்தான் என்பதை நான்கு நாள் கழித்துத்தான் அவரிடம் போய்ச் சொன்னேன். அந்த நான்கு நாளும் சோறு இறங்கவில்லை. “தெரியும். சுவிட்ச் பக்கத்துல நீதான நின்ன? நீயா வந்து சொல்றியான்னு பாத்தேன்” என்றார். அவ்வளவுதான். உன்னிடம் வந்து சொன்னபோதுதான் திட்டு விழுந்தது.

“அத ஏன்டி சொன்ன? ரெண்டு பேரையும் வூட்டுக்கு அனுப்பிட்டா அப்புறம் அத யாரு சரி பண்றது? ஒரு ஆளாச்சும் மிச்சம் இருக்கட்டும்னுதான நான் என் பேர மட்டும் சொன்னேன்.”

பிறகு நீயே சிரித்துவிட்டு, “சரி விடு. இப்பவாச்சும் துன்னுவ இல்ல?” என்று உன் டப்பாவிலிருந்த புளிச்சோற்றில் பாதியை என் பக்கம் தள்ளினாய்.

அதற்குப் பிறகு ஆறு வருஷம் சேர்ந்து வேலை பார்த்தோம். எத்தனையோ அலாரங்கள் வந்தன, போயின. உன் உடம்புக்கு வந்ததை மட்டும் யாராலும் சரி செய்ய முடியவில்லை. ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்தபோது, மலையில் மழை எப்படி, குப்பம்மா அக்கா பேத்திக்குக் கல்யாணம் ஆயிற்றா என்றெல்லாம் விசாரித்தாய். வலியைப் பற்றி நீயும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. சிரித்துக்கொண்டேதான் பிரிந்தோம். அதில் எனக்குக் குறையில்லை.

இப்போது இங்கே பராமரிப்பு முழுக்க என் பொறுப்பு. எனக்குக் கீழே வேலை செய்பவர்கள் ஏழு பேர். போன மாசம் உமி நீக்கும் பிரிவில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண், சாப்பாட்டு நேரத்தில் நேராக என்னிடம் வந்தாள். “அக்கா, பெல்ட்ட நான்தான் தப்பா மாட்டிட்டேன். அதான் அறுந்துச்சு” என்றாள். அவள் குரலில் நடுக்கம் இல்லை. பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களும் தலை நிமிர்ந்து பார்க்கவில்லை. தவறைச் சொல்வது இங்கே அவ்வளவு சாதாரணமாகிவிட்டது. இந்த ஆலையில் அதை முதலில் சொன்னவள் யாரென்று அவளுக்குத் தெரியாது.

ஏன் அப்படிச் செய்தாய் என்று நான் அவளைக் கேட்கவில்லை. “எந்தப் பக்கம் மாட்டின, காட்டு” என்று கேட்டு, கையைக் கழுவிக்கொண்டு அவளோடு நடந்தேன்.