தகடு பட்ட ஆணிகள்

சதுரங்கப்பட்டினம் கொல்லுலையில் வேலை பார்க்கும் வேதாசலம் ஆசாரி அவர்களுக்கு, பழவேற்காட்டிலிருந்து மனைவி கஸ்தூரி பணிந்து தெரிவிப்பது. நானும் மகளும் சுகம். நீங்களும் வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருக்க அம்மன் துணை.

நீங்கள் கடல் கடந்த பத்தாவி நகருக்குக் கப்பலேறப் பெயர் கொடுத்துவிட்டதாக ஒல்லாந்தர் கோட்டைக்கு வந்த ஆள் சொன்னான். அழுதேன், பிறகு உங்களைத் திட்டினேன்.

சுப்பராயலுவின் புதுத் தோணி ஏரியில் பிளந்தபோது, தப்பியவர்கள் கரையேறும் முன்பே ஊர் உங்களைக் குறை சொன்னது. கயிற்றால் தைத்த படகே போதாதா, ஆசாரி மட்ட இரும்பை அடித்துவிட்டான் என்றார்கள். நீங்களும் சம்மட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டீர்கள். ரோஷத்துக்கு மட்டும் குறைச்சலில்லை.

இப்போது சேதியைக் கேளுங்கள். தோணியைக் கரையில் பிரித்தபோது நானும் போய் நின்றேன். மற்றப் பலகைகளில் உங்கள் ஆணி அசையவில்லை. அடிப்பலகையில் மட்டும் துருப்பிடித்து மாவாகக் கொட்டியது. அங்கேதான் சுப்பராயலு, கண்ணேறு படாமலிருக்க, அம்மன் எழுத்துப் பொறித்த செப்புத் தகட்டை உங்கள் ஆணிகளின் மேலேயே பதித்து அறைந்திருந்தார். நீங்கள் வேலை முடித்துப் போன பிறகு நடந்தது இது. தகடு மட்டும் புதிதாகவே இருந்தது. தகடுதான் ஆணியைக் கெடுத்தது என்றேன்.

அம்மன் தகட்டையே குத்தம் சொல்றியான்னு அவர் மனைவி ஜெயம்மா சண்டைக்கு வந்தாள். நான் விடவில்லை. நம் உலையில் மீந்த ஆணிகளை இரண்டு பலகைகளில் அடித்து, ஒன்றில் மட்டும் செம்பு சேர்த்து, முகத்துவாரத்தில் கட்டித் தொங்கவிடச் சொன்னேன். கோடை முழுக்க உப்புத் தண்ணீரில் கிடந்தன. போன வாரம் தூக்கினார்கள். செம்பு பட்ட ஆணி கை பட்டதும் ஒடிந்தது. மற்றது மேல்துருவோடு திடமாக இருந்தது.

சுப்பராயலு அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். ஆசாரி மேல இன்னா தப்பு, ரெண்டும் சேந்தா உப்புத் தண்ணி இரும்பைத்தான் தின்னுதுன்னு ஊர் கேட்கச் சொன்னார். இனித் தகட்டை நார்க்கயிற்றால் தோணியின் முன்தலையில் கட்டுவதாக முடிவு. ஜெயம்மாவும் ஒத்துக்கொண்டாள். அம்மனுக்கும் அங்கிருந்து ஏரி நன்றாகத் தெரியுமாம். அடுத்த தோணிக்கும் நீங்கள்தான் ஆணி அடிக்க வேண்டுமாம், வேறு ஆசாரியைத் தேட மாட்டாராம்.

ஆகையால் கொடுத்த பெயரைத் திரும்ப வாங்கிக்கொண்டு உடனே வந்துவிடுங்கள். இதை எழுதுவது என் அண்ணன் வீரராகவன். அவர் எதிரில் சொல்லக்கூடியதையெல்லாம் சொல்லிவிட்டேன். மீதியை நேரில்தான் சொல்ல வேண்டும். பத்தாவி வரைக்கும் அது எட்டாது.

உங்கள் வரவுக்குக் காத்திருக்கும்,
கஸ்தூரி