ஹெப்சிக்குக் கிடைத்த சட்டம்

கர்த்தருக்குள் அன்பான மகன் கிங்ஸ்லிக்கு, திருத்தணியிலிருந்து அம்மா எழுதுவது. தேவ கிருபையால் நாங்கள் இரண்டு பேரும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், கனடாவில் நீயும் மருமகள் ஹெப்சியும் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க ஜெபிக்கிறேன். போனில் சொன்னால் நீ ஸ்பீக்கரில் போடுவாய், ஹெப்சி கேட்டுக்கொண்டிருப்பாள், அதனால் காகிதத்தில் எழுதி, பக்கத்து வீட்டு அம்சாவின் மகளை போட்டோ பிடித்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். நீ மட்டும் படி.

ஞாயிற்றுக்கிழமை உன் பெண்டாட்டி ஒரு படம் அனுப்பினாள். நான் பொதட்டூர்பேட்டையில் வாங்கிக் கொடுத்த லுங்கியைக் கட்டிக்கொண்டு பட்டப்பகலில் நீ வெங்காயம் உரிக்கிறாய். என்னம்மா, லாரி ஓட்டப் போகலையா என்று கேட்டேன். அவள் சிரித்துக்கொண்டு, ‘இல்ல அத்தே, இதுக்கு மேல ஓட்டக் கூடாதுன்னு சட்டம், மீறினா வண்டியில இருக்கிற மெஷினே காட்டிக் குடுத்துடும், ரெஸ்ட் எடுத்துத்தான் ஆகணும்’ என்கிறாள். எனக்கு வயிறு பற்றி எரிந்தது கிங்ஸ்லி. பெற்ற பிள்ளையின் சுகத்தைப் பார்த்து எரிகிறதே, இதெல்லாம் ஒரு வயிறா என்று என்னையே திட்டிக்கொண்டேன், அப்படியும் ஆறவில்லை. நேற்று வந்தவளுக்கு அரசாங்கமே புருஷனை வீட்டுக்கு அனுப்பி வைக்கிறது. எனக்கு யார் அனுப்பினார்கள்? ஆடிக் கிருத்திகைக்கு மலையடியில் காவடிக் கூட்டம் சேர்ந்து, போலீஸ்காரர்கள் லாரிகளை ஊருக்குள் விடாமல் நிறுத்தினால்தான் உன் நைனா எனக்குப் பகலில் கிடைப்பார். முருகன்தான் எனக்குச் சட்டம் போட்டவர், பாஸ்டரிடம் சொல்லித் தொலைக்காதே.

இங்கேயும் எட்டு மணி நேரம்தான் ஓட்டலாம் என்று சட்டம் இருக்கிறதாம், நைனாவிடம் சொன்னால் சிரிக்கிறார். போன வாரம் நெல்லூரிலிருந்து அரிசி ஏற்றிக்கொண்டு வந்தவர் நகரி தாண்டி வண்டியை டிவைடரில் ஏற்றிவிட்டார். பயப்படாதே, கண்ணாடிதான் போயிற்று, உடம்பில் கீறல் இல்லை. நாய் குறுக்கே வந்தது என்றார். மறுநாள் சோற்றில் கை வைத்தபடியே தூங்கிப் போனார், அது எந்த நாய் என்று அப்போதுதான் தெரிந்தது. இன்றைக்குக் காலையில் மறுபடியும் ஓனர் போன், சாயந்தரமே விஜயவாடா கிளம்ப வேண்டுமாம். இவரும் ‘ஆங், போறேன் சார்’ என்று தலையாட்டிவிட்டார். போகாதீங்க என்று கையைப் பிடித்தேன். ‘நீ இன்னாடி, சட்டமா?’ என்று உதறிவிட்டுப் படுத்துவிட்டார். அந்த ஒரு வார்த்தை தாங்கவில்லை.

நான் சொன்னால் அது பெண்டாட்டி பேச்சு, நீ சொன்னால் ஃபாரின் டிரைவர் பேச்சு. டீக்கடையில் உன் மெஷின் கதையைத்தான் பெருமையாகச் சொல்லிக்கினு இருக்கிறார், அதனால் நீ சொன்னால் கேட்பார். தூங்கி எழாமல் வண்டி எடுக்கக் கூடாது என்று அதட்டிச் சொல். ஹெப்சிக்கு அரசாங்கம் கொடுத்ததை எனக்கு நீ வாங்கிக் கொடு.

குளிரில் காதை மூடிக்கொண்டு போ. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக, ஹெப்சியையும் ஆசீர்வதிப்பாராக, அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை, பொறாமைதான். ஒன்று மறந்துவிடாதே, நைனா நம்பருக்குக் கூப்பிடாதே, என் நம்பருக்குக் கூப்பிடு. அவர் செல்லை அரிசி டிரம்முக்குள் புதைத்து வைத்திருக்கிறேன். ஓனர் அடித்துக்கொண்டே இருக்கிறார், இவர் குறட்டை விட்டுத் தூங்குகிறார். தானாகக் கண் விழிக்கிற வரைக்கும் எடுத்துக் கொடுக்க மாட்டேன்.

உன் அம்மா,
ஜெபகுமாரி பிரபுதாஸ்