கிருமிக்குப் பத்தியம்

இன்று காலை நம் மகள் ஒரு பிளாஸ்க்கைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். மூடியைத் திறந்ததும் மிளகும் சீரகமும் முந்திக்கொண்டு வந்தன; பின்னாலேயே மெல்லச் சுவரொட்டியின் வாசம். ஆட்டு மண்ணீரலை அந்தப் பெயர் சொல்லிக் கேட்பவர்கள் ஈப்போ சந்தையில் இப்போது குறைவு. நீ இருந்திருந்தால் மிளகு கூடிப்போனது என்றிருப்பாய். கூடித்தான் போயிருந்தது.

ரோஜாச் செடியை வெட்டும்போது என் காலில் பட்ட கீறல் சீழ் வைத்துவிட்டது. இரத்தமும் குறைந்திருக்கிறதாம். மருத்துவர் கிருமிக்கு மருந்து கொடுத்தார். இரும்பு மாத்திரையைப் புண் அடங்கிய பிறகு பார்க்கலாம் என்றார். மகளுக்கு அது பொறுக்கவில்லை.

"வெளுத்துப் போயிருக்கீங்கப்பா. ரத்தம் இல்லன்னு அவங்களே சொல்றாங்க, மாத்திர மட்டும் தரமாட்டாங்களாம். என்ன டாக்டர்லா?"

அது உன் குரல். தலைப்பிள்ளையைப் பெற்ற பிறகு பத்து காஜா ஊர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவள் கிடந்தபோது நீ பேசிய குரல். அன்று செவ்வாய்க்கிழமை. புதன் என்று நீ கடைசிவரை சாதித்தாய். பிரசவத்தில் இரத்தம் நிறையப் போயிருந்தது. அதற்கு மேல் கிருமித் தொற்று. நம்மை அடையாளம் தெரியாமல் காய்ச்சலில் பிதற்றிக்கொண்டிருந்தாள். பிழைப்பாளா என்று கேட்க நம் இருவருக்குமே வாய் வரவில்லை. அதனால்தான் நீ மாத்திரையைப் பற்றிச் சண்டை பிடித்தாய் என்று இப்போது நினைக்கிறேன்.

"பச்ச ஒடம்புக்காரி டாக்டர். இரும்பு மாத்திரைய நிறுத்துனா எப்புடிலா?"

அந்த வார்டில் இருந்த இளம் பெண் மருத்துவர் கோபப்படவில்லை. "ஆன்ட்டி, கிருமி பெருகவும் இரும்புதான் வேணும். அதுக்குக் கெடைக்கக் கூடாதுன்னு ஒடம்பே இப்ப இரும்ப உள்ள பூட்டி வச்சிருக்கு. காய்ச்சல் அடங்கட்டும், நானே எழுதித் தரேன்லா."

நீ சற்று யோசித்தாய். "அப்ப பத்தியம் எம் பொண்ணுக்கு இல்ல. கிருமிக்கு."

"அதேதான் ஆன்ட்டி."

கோலா கங்சார் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்த உனக்குப் பத்தியம் என்றால் பத்தியம்தான்; அரைகுறை கிடையாது. மருத்துவர் நிறுத்தியது மாத்திரையை மட்டுமே. நீயோ அவளுக்கு இரத்தம் ஊற வீட்டிலிருந்து கொண்டுவந்த சுவரொட்டிச் சூப்பையும் சேர்த்து நிறுத்தினாய். அதை எனக்கு ஊற்றிக் கொடுத்தாய்.

"நீங்க குடிங்க. உங்க கிட்ட எந்தக் கிருமியும் வராது. வந்தா என்ன தேதி, என்ன கெழமன்னு கேப்பீங்க."

அந்த வார்டில் நான் சிரித்தது அப்போது மட்டுந்தான்.

மருந்து பிடித்தது, காய்ச்சல் இறங்கியது. மகள் கண் விழித்து உன்னை "அம்மா" என்றாள். பின்னர் மருத்துவர் சொன்னபடியே மாத்திரை எழுதித் தந்தார். நீயும் "பத்தியம் முடிஞ்சிச்சு" என்று அடுப்பில் சட்டியை ஏற்றினாய்.

அவளுக்கு இவற்றில் ஒன்றுமே நினைவில்லை. இன்றுதான் சொன்னேன். "பத்தியம் எனக்கு இல்லம்மா, கிருமிக்கு. உங்கம்மா சொன்னது." மாத்திரைப் பேச்சை விட்டுவிட்டு, அவள் சூப்பைக் கிண்ணத்தில் ஊற்றினாள். "அம்மா எப்பப்பா அப்புடிச் சொன்னாங்க?" என்று கேட்டாள்.

"ஒரு புதன்கிழமை" என்றேன்.

அவளிடம் இனி அப்படியே இருக்கட்டும். உன்னிடம் மட்டும் சொல்கிறேன்: அது செவ்வாய்தான்.