நீ அனுப்பிய களிம்பு

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம் என்றுதான் ஆரம்பிக்க வேண்டும், என் இடது கையைக் கணக்கில் சேர்க்காவிட்டால் அது உண்மையும்கூட. நீயும் மாப்பிள்ளையும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

சலவைக்கூடத்தில் நீராவி பட்டு வெந்த இடத்தில் என் தொடைத் தோலை எடுத்து ஒட்டினார்களே, அது நன்றாகத்தான் பிடித்துக்கொண்டு வந்தது. கட்டைப் பிரித்த பிறகு அரிப்பு தாங்கவில்லை என்று போனில் உன்னிடம் புலம்பியது என் வாய்க்கொழுப்பு. நீ உடனே பெரிய வைத்தியர் மாதிரி ஒரு களிம்பைப் பார்சலில் அனுப்பிவிட்டாய். மகள் அனுப்பியதாயிற்றே, உன் அம்மா ரொட்டிக்கு வெண்ணெய் தடவுவதுபோல் தடவினாள், நானும் ராஜா மாதிரி கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சிவப்பு சட்டென்று அடங்கியது. அவளுக்குப் பெருமை தாங்காமல் மாடிவீட்டுக்காரி வரை சொல்லியாகிவிட்டது. பிறகு பார்த்தால் ஒட்டின தோலின் ஓரமெல்லாம் வட்டம் வட்டமாகத் தடித்து, நீர் கசிந்து, ஒரு மூலை தூக்கிக்கொண்டு நிற்கிறது. டாக்டரம்மா சுரண்டி எடுத்துச் சோதித்துவிட்டு, இது பூஞ்சைத் தொற்று, களிம்பில் இருக்கிற ஸ்டீராய்டு மேலே சிவப்பை மறைத்து அடியில் பூஞ்சையை வளர்த்துவிட்டது என்றார். "யாருங்க இதைத் தடவச் சொன்னது?" என்று கேட்டார். நானேதான் கடையில் வாங்கினேன் என்று சொல்லி, நர்ஸ் பெண்கள் முன்னால் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். எருமைத் தோல் என்று உன் அம்மா என்னைத் திட்டாத நாளில்லை, அதிலேயே பூசணம் பூத்துவிட்டது பார்.

இப்போது மாத்திரை சாப்பிடுகிறேன். இது அடங்கினால் ஒட்டின தோல் பிழைக்கும், இல்லையென்றால் மொத்தமும் கழன்றுவிடும், அடுத்த தொடையையும் சீவ வேண்டியதுதான் என்கிறார் டாக்டரம்மா. பூஞ்சையோடுகூட மல்லுக்கட்டிவிடலாம், உன் அம்மாவோடு முடியவில்லை. அந்தக் களிம்பைத் தூக்கிப் போடு என்றால், "அவ ஆசையா வாங்கி அனுப்பினது, ஓரத்துல மட்டும் கொஞ்சூண்டு தடவுறேன், அந்த டாக்டருக்கு என்ன தெரியும்?" என்கிறாள். உன்னிடம் மூச்சு விடக்கூடாது, குழந்தை மனசு உடைந்துபோகும் என்று சத்தியம் வேறு வாங்கினாள். சத்தியத்தைக் காப்பாற்றினால் தோல் போய்விடும் என்பதால் எழுதுகிறேன். தலையணை உறைக்குள் ஒளித்து வைத்திருக்கும் டியூபை நான் எடுத்தால் வீடு இரண்டாகிவிடும், நீ சொன்னால் அவளே குப்பையில் போடுவாள். இன்னொரு பார்சல் போடுகிற எண்ணம் இருந்தால் தயவுசெய்து விட்டுவிடு தாயே.

வேளைக்குச் சாப்பிடுங்கள், இருவரும் நோய்நொடியில்லாமல் நன்றாக இருங்கள். கடிதம் கிடைத்த அன்றே அம்மாவுக்குப் போன் செய்ய மறக்காதே. அதட்டிப் பேசு. தப்பித்தவறிகூட அழுதுவிடாதே, நீ அழுதால் உன்னைச் சமாதானப்படுத்தவே அவள் இன்னொரு தரம் தடவிவிடுவாள்.

ஆசிகளுடன்,
உன் அப்பா