மாஸ்டர்ஜியின் எண்

மின்சாரம் போய்த் திரும்பும்போதெல்லாம் சர்வர் அறையின் ஏசி முதலில் ஈரத் தூசி வாடையைத்தான் விடும். இன்று காலை அந்த வாடை வந்ததும், அக்கா, நீங்கள் மூக்கைச் சுளித்து "எங்க மில்லு வாடையே தேவலடி" என்று சொல்வது காதில் விழுந்தது. பா என்ற ஊரில், வரதோலியில், சர்க்கரை ஆலைப் புகையில் வளர்ந்தவர் நீங்கள்; இந்த அறையில் எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவர். போன மாதம் பிரிஸ்பேனில் இறந்துவிட்டீர்கள் என்று உங்கள் மகள் எழுதியிருந்தாள். இறந்தவர்கள் கேட்பார்கள் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

நம் தீவில் ஆட்சி கவிழ்ந்த அந்த வருடம் நம் சுவா கல்லூரியில் வெள்ளிக்கிழமைதோறும் யாருக்காவது வழியனுப்பு விழா. ஆக்லாந்து, சிட்னி, வான்கூவர். திங்கட்கிழமை, போனவர்களின் கணக்குகளை நான் சர்வரிலிருந்து அழிப்பேன். வேதியியல் மாஸ்டர்ஜியின் கணக்கையும் அப்படித்தான் அழித்தேன். ஒரு கோப்பு யாருடையது என்பதை சர்வர் பெயரை வைத்து அல்ல, ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்த எண்ணை வைத்துத்தான் அறியும். அது எனக்குத் தெரியும்; படித்தவள். இருந்தும் வரிசையில் விழுந்த இடைவெளி கண்ணை உறுத்தியது. அவருடைய எண்ணைப் புதிதாகச் சேர்ந்த ஆசிரியருக்குக் கொடுத்து நிரப்பினேன்.

சில வாரங்களில் மாஸ்டர்ஜி திரும்பி வந்து நின்றார். ஆக்லாந்தில் தங்க அனுமதி கிடைக்கவில்லை. அதே பெயரில் புதுக் கணக்கு போட்டுக் கொடுத்தேன். கடைசி வருட மாணவர்களின் செய்முறை மதிப்பெண்கள் அவருடைய கோப்புகளில் இருந்தன. அன்று நான்கு மணிக்குள் அவை தேர்வுக் குழுவுக்குப் போகாவிட்டால் அவர்களுக்கு ஒரு வருடம் வீண். 'அனுமதி இல்லை' என்றது திரை.

"என் பேரு, நான் எழுதினது. எனக்கே இல்லேங்குதே!" என்றார் மாஸ்டர்ஜி.

அவருடைய கோப்புகள் எல்லாமே புதியவர் பெயரில் இருந்தன. நீங்கள் சிரித்துவிட்டீர்கள். "லீசு முடிஞ்ச கரும்புத் தோட்டம் மாதிரி ஆயிடுச்சு மாஸ்டர்ஜி. ஊட்ட நீங்க கட்டினீங்க, மண்ணு வேற ஆளோடது."

எனக்கு அழுகை வந்தது. "எல்லாருக்கும் தொறந்து விட்டுடலாம்க்கா. ஒரே கட்டளை."

"தொறந்தா யார் யார் பாப்பாங்க? கேட்டுல சிப்பாய் நிக்கிறான். யாரு யாருக்கு என்னா எழுதினாங்கன்னு தேடற நேரம்டி இது."

"தப்பு என்னுது. தலைவர் சார்கிட்ட சொல்லிடறேன்."

"சொல்லு. நாலு மணிக்கு மேல சொல்லு. அழுவறதும் அப்பறம் பாத்துக்கலாம். புது ஆளு என்னிக்கு வேலைக்கு வந்தாரு? அத சொல்லு மொதல்ல."

அந்த நாளுக்கு முந்தைய கோப்புகளை மாஸ்டர்ஜியின் புது எண்ணுக்கு மாற்றினோம். ஏழு கோப்புகள் மட்டும் சிக்கின. புதியவர் தெரியாமல் திறந்து சேமித்ததால் அவற்றின் தேதி மாறியிருந்தது. மதிப்பெண் கோப்பும் அதில் ஒன்று. இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்து, அவர் போகும் முன் எடுத்த, முழுமையில்லாத பழைய காப்பு நகலோடு ஒவ்வொரு வரியாக ஒப்பிட வைத்தீர்கள். மூன்றே முக்காலுக்குப் பட்டியல் அச்சாகி வந்தது. அதை மாஸ்டர்ஜி கையில் கொடுத்துவிட்டு, தலைவர் அறை வாசல்வரை என்னோடு நடந்தீர்கள். "சலோ, இப்ப போய் சொல்லு." போய்ச் சொன்னேன். உள்ளே நீங்கள் வரவில்லை. வந்திருந்தால் உங்கள் பின்னால் ஒளிந்திருப்பேன்.

மறுவருடம் நீங்களும் போனீர்கள். வழியனுப்ப நான் வரவில்லை. கோபம். அது தவறு என்று இப்போதும் முழு மனதோடு சொல்ல மாட்டேன்.

இப்போது மறுபடியும் ஆட்கள் போகிறார்கள். போன பதினொரு பேரின் கணக்குகளை மதியத்துக்குள் அழிக்கச் சொல்லி இன்று உத்தரவு வந்தது. கணக்குகளை இன்றே பூட்டிவிடுகிறேன். ஒவ்வொருவர் கோப்புகளையும் உரியவரிடம் ஒப்படைத்த பிறகுதான் அழிப்பேன். யாருடைய எண்ணும் இன்னொருவருக்குப் போகாது. இதற்கெல்லாம் மூன்று வாரம் ஆகும் என்று பதில் எழுதினேன்.

உத்தரவு போட்ட இயக்குநர் உடனே கூப்பிட்டார். "மூணு வாரமா? ஒரு கட்டளை போதாதா மேடம்?"

"போதும் சார். அந்தக் கட்டளைய நான் ஒரு தடவ போட்டிருக்கேன்."

முதல் பெயரைத் திறந்திருக்கிறேன், அக்கா.