மாத்திரை வயிறும் மாங்காய்த் துண்டும்

செவ்வாய்க்கிழமை.

கம்பெனியில் மிஷின் முன்னால் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டேன். பக்கத்து மிஷின் செல்வி என் வயிற்றைத் தடவி, "எத்தினி மாசம்டி? சொல்லவேயில்ல!" என்று சிரித்தாள். மத்தியானம் கேன்டீனில் என் தட்டில் மாங்காய்த் துண்டு வைத்தாள்.

மனச்சோர்வுக்கு மாத்திரை தின்று ஊதிய வயிறு இது என்று எப்படிச் சொல்ல? பைத்தியம் என்பார்கள். டாக்டரோ நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "நல்லா நடம்மா" என்கிறார். நாளெல்லாம் மிஷினில் நிற்கிறவளிடம்!

வீட்டுக்குள் நுழைவதற்குள் செல்வி போன் செய்துவிட்டாள். மாமியார் வாசலுக்கே ஓடி வந்து, "முழுவாம கீறியாமே! நெசமாமே?" என்று கையைப் பிடித்தாள். கல்யாணமானதிலிருந்து இன்றுதான் எனக்குச் சோறு போட்டாள். எச்சில் தட்டைக்கூட அவளே கழுவினாள்.

ஆமாம் என்று தலையாட்டிவிட்டுத்தான் தின்றேன். இரண்டாவது முறையும் வாங்கித் தின்றேன். த்தூ.